ஒற்றைக் காலில் நிற்க முடிகிறதா?

விடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. எண்ணூர் நெட்டுக்குப்பம் கரையில் ஒரு ஃபைபர் படகை நாலு பேர் தள்ளுகிறார்கள். படகு மிதக்கத் தொடங்கியதும் மூன்று பேர் ஏறிவிடுகிறார்கள். நாலாமவர் இடுப்பளவுத் தண்ணீரில் படகோடு சேர்ந்தே ஓடி, விளிம்பில் இரண்டு கைகளையும் ஊன்றி, ஒரு காலை உள்ளே போடுகிறார். அடுத்த காலைத் தூக்கிப் போடும்வரை அவருடைய மொத்த எடையும் அந்த ஒரே காலில்தான். அந்தக் காலுக்குக் கீழே இருக்கும் தரையோ அலையில் ஏறி இறங்குகிறது. சுற்றிலும் கும்மிருட்டு. கொசஸ்தலை ஆற்றுக்கு அந்தப் பக்கம் வடசென்னை அனல்மின் நிலையத்தின் விளக்குகள் மட்டும் தெரிகின்றன.

கரையில் வலைக்குவியலுக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும்.

"நீங்க போகலையாண்ணா?"

"இல்ல தம்பி, இந்தக் காலை நம்ப முடியல" என்று இடது கணுக்காலைத் தட்டிக் காட்டினார். "பாறையில வழுக்கி மடங்கிச்சு. ஆச்சு எட்டு வருசம். எலும்புல ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. நடக்கறேன், சைக்கிள் மிதிக்கறேன். போட்ல ஏறுனா மட்டும் அது பாட்டுக்கு மடங்குது. தண்ணியில விழுந்தா பரவால்ல, இஞ்சின் மேல விழுந்தா என்ன ஆவறது?"

எலும்பில் ஒன்றும் இல்லை. இதே வார்த்தையை நானும் கேட்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எண்ணூர் விரைவுச்சாலையோரம், கடலரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் கருங்கற்களில் இறங்கியபோது என் வலது பாதம் உள்பக்கமாகத் திரும்பி மடங்கியது. மாலைக்குள் கணுக்கால் உருண்டு வீங்கிவிட்டது. ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை என்றார்கள். கிரேப் பேண்டேஜ், வலி மாத்திரை, இரண்டு வார ஓய்வு. வீக்கம் வடிந்தது, வலி போனது, ஆனால் கால் பழைய கால் இல்லை. பேருந்துப் படியில் இறங்கும்போது மடங்கும். தெருவில் ஒரு சின்னக் கல் தட்டினால் மடங்கும். ஒரு கட்டத்துக்குமேல் எத்தனை முறை என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். இத்தனை காலத்தில் மருத்துவரோ, எண்ணெய் போட்டு உருவியவரோ, "அந்த ஒரு காலில் மட்டும் நில்லுங்க, பார்க்கலாம்" என்று என்னிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

அப்படி நிற்கச் சொல்லி அளந்திருந்தால் எனக்கும் அந்த அண்ணனுக்கும் என்ன கோளாறு என்பது முதல் மாதமே தெரிந்திருக்கும். அதை அளக்கக் கருவிகள் உண்டு, முறைகள் உண்டு. அவற்றில் பாதி முறைகளுக்குத் தேவை ஒரு சாக்பீஸும் தையற்காரரின் டேப்பும்தான்.

கணுக்காலுக்குள் என்ன நடக்கிறது?

கணுக்காலின் வெளிப்பக்கத்தில் எலும்போடு எலும்பைக் கட்டிப்பிடித்திருக்கும் தசைநார்கள் மூன்று. லிகமென்ட் என்று மருத்துவர்கள் சொல்வது இவற்றைத்தான். பாதம் முன்பக்கம் தாழ்ந்து உள்பக்கமாகத் திரும்பும்போது முதலில் அடி வாங்குவது மூன்றில் முன்னால் இருக்கும் மெல்லிய நார். 'சுளுக்கு' என்று நாம் சாதாரணமாகச் சொல்லிக் கடந்துபோவது பெரும்பாலும் இந்த நார் இழுபட்டதையோ கிழிந்ததையோதான். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். நாரைக் காட்டாது.

நார் வெறும் கயிறாக மட்டும் இருந்தால் கதை சுலபம். கயிறு ஆறினால் கால் சரியாகிவிட வேண்டும். பலருக்கு அப்படி ஆவதில்லை. ஏன் என்று 1965இல் இங்கிலாந்தைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் மைக்கேல் ஃப்ரீமன் கேட்டார். நார் கிழியும்போது அதற்குள் இருக்கும் நரம்பு முனைகளும் சேர்ந்து சேதமாகின்றன என்பது அவர் கண்ட விடை. பாதம் இப்போது எந்தக் கோணத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்கு நொடிக்கு நொடி தகவல் அனுப்புபவை அந்த முனைகள். நாம் பாதத்தைப் பார்க்காமலே நடப்பது அவற்றின் தயவால்தான். தகவல் சரியாக வராவிட்டால் நார் ஆறியபிறகும் கால் திடீர் திடீரென்று கைவிடும். இதை அவர் இயக்கக் குறைபாட்டால் வரும் நிலையின்மை என்ற பொருளில் பெயரிட்டார். அவர் நோயாளிகளைச் சோதித்த விதம் எளிமையானது. அடிபட்ட காலில் மட்டும் நிற்கச் சொன்னார், அடிபடாத காலோடு ஒப்பிட்டார். கூடவே, ஆடும் பலகைமேல் நிற்கப் பழக்கியவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவதையும் கண்டார்.

அறுபது ஆண்டுகளில் அந்த விளக்கம் விரிந்திருக்கிறது. நரம்பு முனைகளோடு, கணுக்காலை வெளிப்பக்கம் இழுத்துப் பிடிக்கும் கெண்டைக்கால் பக்கவாட்டுத் தசைகள், இடுப்புத் தசைகள், மூளை கட்டளையிடும் முறை எல்லாமே மாறிப்போகின்றன என்று இப்போது அறிகிறோம். கால் மடங்க ஆரம்பித்த பிறகு அந்தப் பக்கவாட்டுத் தசை உணர்ந்து, சுருங்கி, பாதத்தை இழுத்து நிமிர்த்த ஒரு நொடியில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு நேரம் ஆகிறது என்று டென்மார்க் ஆய்வாளர்கள் 1990களில் அளந்தார்கள். எட்டில் ஒரு பங்கு நொடி நமக்குச் சொற்பமாகத் தெரியும். நார் கிழிவதற்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. அதனால் நல்ல கணுக்கால் மடங்கியபிறகு விழித்துக்கொள்வதில்லை. தரையைத் தொடும் முன்பே தயாராகிவிடுகிறது. அடிபட்ட கணுக்கால் இழப்பது இந்த முன்தயாரிப்பைத்தான்.

எத்தனை பேருக்கு இப்படி ஆகிறது? அயர்லாந்தின் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில், வாழ்க்கையில் முதல்முறையாகக் கணுக்கால் சுளுக்கிய 82 பேரைச் சேர்த்து ஓராண்டு தொடர்ந்து கவனித்தார்கள். 2016இல் வெளியான முடிவின்படி ஓராண்டுக்குப் பின் நூற்றுக்கு 40 பேருக்கு நாள்பட்ட நிலையின்மை வந்திருந்தது. அதே ஆய்வின் இன்னொரு முடிவு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. யாருக்கு இப்படி ஆகும் என்பதை முன்கூட்டியே கணிக்க முடிந்தது. சுளுக்கிய இரண்டு வாரத்துக்குள் குதித்துத் தரையிறங்க முடியாதவர்களும், ஆறு மாதம் கழித்தும் ஒற்றைக்கால் சமநிலைச் சோதனையில் பின்தங்கியவர்களுமே பிற்பாடு மாட்டிக்கொண்டவர்கள். ஆக, அளந்து பார்த்தால் ஆபத்து முன்னாலேயே தெரிகிறது.

கண்ணை மூடச் சொன்ன மருத்துவர்

சமநிலையை மருத்துவச் சோதனையாக்கிய பெருமை 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் நரம்பியல் மருத்துவர் மோரிட்ஸ் ரோம்பர்க்கைச் சேரும். முதுகுத்தண்டு நரம்பு பாதிக்கப்பட்ட நோயாளிகள் கண் திறந்திருக்கும்போது நிற்கிறார்கள், கண்ணை மூடியதும் தள்ளாடுகிறார்கள் என்று அவர் எழுதிவைத்தார். இன்றும் நரம்பியல் மருத்துவரிடம் போனால் இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்துக் கண்ணை மூடச் சொல்வார். அது ரோம்பர்க் சோதனை.

நாம் விழாமல் நிற்க மூன்று தகவல்கள் வேண்டும். கண் தருவது ஒன்று. உள்காது தருவது ஒன்று. பாதமும் கணுக்காலும் தோலும் தசையும் தருவது மூன்றாவது. கண்ணை மூடினால் ஒரு தகவலை நிறுத்திவிடுகிறோம். மெத்தென்ற ஸ்பான்ஜ்மேல் நிற்கவைத்தால் பாதம் தரும் தகவலைக் குழப்பிவிடுகிறோம். இரண்டையும் சேர்த்துச் செய்தால் உடம்பு எதை நம்பிப் பிழைக்கிறது என்பது அம்பலமாகிவிடும்.

இந்த யோசனையை வைத்து அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 1990களின் இறுதியில் ஒரு சோதனையை உருவாக்கினார்கள். விளையாட்டில் தலையில் அடிபட்டவர்களுக்காகச் செய்தது, பிறகு கணுக்காலுக்கும் பயன்பட்டது. இரண்டு பாதங்களைச் சேர்த்து, ஒற்றைக் காலில், ஒரு பாதத்துக்குப் பின் இன்னொரு பாதத்தை ஒட்டிவைத்து என்று மூன்று நிலைகள். கெட்டித் தரையில் ஒருமுறை, ஸ்பான்ஜ்மேல் ஒருமுறை. ஆக மொத்தம் ஆறு. ஒவ்வொன்றும் 20 விநாடி. கண் மூடியிருக்க வேண்டும், கைகள் இடுப்பில் இருக்க வேண்டும். கை எடுத்தால் ஒரு பிழை, கண் திறந்தால் ஒரு பிழை, தூக்கிய கால் தரையில் பட்டால் ஒரு பிழை, குதிகாலோ முன்பாதமோ எழும்பினால் ஒரு பிழை. பக்கத்தில் நிற்பவர் பிழைகளை எண்ணுகிறார். இவ்வளவுதான் சோதனை.

நெட்டுக்குப்பம் கரையில் அந்த நாலாமவர் ஏறியதை இப்போது நினைத்துப் பாருங்கள். நடுச்சாமம் தாண்டிய இருட்டு என்பது கண்ணை மூடியதற்குச் சமம். ஆடும் படகு ஸ்பான்ஜைவிட மோசம். ஏறும் அந்தக் கணம் ஒற்றைக்கால். ஆய்வுக்கூடத்தில் மிகக் கடினமான நிலை என்று வைத்திருப்பதை இங்கே ஒவ்வொரு விடியலிலும், எண்ணிப் பார்க்க யாரும் இல்லாமல், செய்துகொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாள்பட்ட கணுக்கால் நிலையின்மை உள்ளவர்கள் ஒற்றைக் காலில் நிற்கும்போது மற்றவர்களைவிடக் கண்ணை அதிகமாக நம்புகிறார்கள் என்று பல ஆய்வுகளைத் தொகுத்த 2016ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. கணுக்கால் தராத தகவலைக் கண் ஈடுகட்டுகிறது. பகலில் தெருவில் நடக்கும்போது இந்த ஈடு போதும். "நடக்கறேன், சைக்கிள் மிதிக்கறேன், போட்ல ஏறுனா மட்டும் மடங்குது" என்று அந்த அண்ணன் சொன்னதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. இருட்டில் கண் உதவாது. கணுக்கால் தனியாக நிற்க வேண்டும்.

பாண்டி கட்டம் போல ஒரு சோதனை

ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதை மட்டும் அளந்தால் பலர் தப்பித்துவிடுவார்கள். சிறு வயதிலிருந்து கட்டுமரத்திலும் ஃபைபர் படகிலும் நின்று பழகிய ஒருவரை மருத்துவமனைத் தரையில் 20 விநாடி நிற்கச் சொன்னால் அவர் சுலபமாக நின்றுவிடுவார். சோதனை எளிதாக இருந்தால் குறை ஒளிந்துகொள்ளும். இவர்களுக்கு, நின்றுகொண்டே எட்டச் சொல்லும் சோதனை வேண்டும்.

அதுதான் நட்சத்திரச் சோதனை. கேரி கிரே என்ற அமெரிக்க இயன்முறை மருத்துவர் 1990களில் அறிமுகப்படுத்தியது. தரையில் ஒரு புள்ளி. அதிலிருந்து எட்டுத் திசைகளில் எட்டுக் கோடுகள். பார்க்க வாசலில் போடும் எட்டிதழ்க் கோலத்தின் எலும்புக்கூடு மாதிரி இருக்கும். நடுப்புள்ளியில் ஒரு காலை ஊன்றி நின்று, மறு காலை ஒவ்வொரு கோட்டிலும் எவ்வளவு தூரம் எட்ட முடியுமோ அவ்வளவு தூரம் நீட்டி, நுனிவிரலால் லேசாகத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். தொட்ட இடத்தில் எடையைப் போடக் கூடாது, ஊன்றிய குதிகால் எழும்பக் கூடாது. தெருவில் பாண்டி ஆடிய எந்தப் பெண்ணுக்கும் இது புதிதாக இருக்காது. நொண்டியடித்துக் கட்டம் தாண்டும் அந்த ஆட்டத்தில் கோட்டை மிதித்தால் அவுட். இங்கே தூரத்தைக் குறித்துக்கொள்கிறார்கள், அவ்வளவே வித்தியாசம்.

எட்டுத் திசையும் தேவையில்லை, மூன்று போதும் என்று பின்னால் தெரிந்தது. நேர் முன்னால், உள்பக்கப் பின்னால், வெளிப்பக்கப் பின்னால். ஆங்கில ஒய் எழுத்து வடிவம். உயரமானவர் தூரம் எட்டுவார் என்பதால் எட்டிய தூரத்தைக் கால் நீளத்தால் வகுத்து நூற்றுக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். கால் நீளம் என்பது இடுப்பு எலும்பின் முன்முனையிலிருந்து உள்கணு எலும்பு வரை. கால் நீளம் 85 செ.மீ., முன்னால் எட்டியது 60 செ.மீ. என்றால் ஏறத்தாழ 71 சதவீதம். முதல் சில முயற்சிகளில் எல்லோருக்குமே எட்டும் தூரம் கூடிக்கொண்டே போகும். அதனால் நாலு தடவை பழகவிட்டுப் பிறகு அளப்பதே முறை.

இந்தச் சோதனை காட்டும் வித்தியாசம் எவ்வளவு சின்னது என்பதைப் பார்த்து நான் முதலில் நம்பவில்லை. 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நிலையற்ற கணுக்கால் உள்ளவர்கள் அந்தக் காலில் நின்று சராசரியாக 78.6 செ.மீ. எட்டினார்கள். அடிபடாதவர்கள் 82.8 செ.மீ. எட்டினார்கள். நாலு செ.மீ. இடைவெளி, இரண்டு விரல் அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதல். 2006இல் ஃபில் பிளிஸ்கி குழுவினர் உயர்நிலைப்பள்ளிக் கூடைப்பந்து வீரர்களை ஆட்டப் பருவம் தொடங்கும் முன் அளந்துவைத்து, பருவம் முழுக்கக் கவனித்தார்கள். முன்பக்கம் எட்டுவதில் வலது காலுக்கும் இடது காலுக்கும் 4 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தவர்களுக்குக் காலில் அடிபடும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டரை மடங்கு. மீண்டும் அதே நாலு செ.மீ. கண்ணால் பார்த்தால் தெரியாது, டேப் வைத்தால் தெரியும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. முன்னால் எட்டுவது குறைந்தால் அது முழுக்கச் சமநிலைக் குறை என்று சொல்லிவிட முடியாது. கணுக்கால் இறுகி, முழங்கால் பாதத்துக்கு முன்னால் போக மறுத்தாலும் எட்டாது. அதற்குச் சுவர் சோதனை இருக்கிறது. குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொட வேண்டும், பாதத்தைச் சுவரிலிருந்து எவ்வளவு தூரம் பின்னால் வைத்தும் தொட முடிகிறது என்று இரு கால்களையும் ஒப்பிட வேண்டும். இரண்டையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவர் இயன்முறை மருத்துவர். டேப் மலிவு என்பதால் படிப்பும் மலிவு என்று எண்ணிவிடக் கூடாது.

பாறையை நோக்கிப் போகும் படகு

பெரிய ஆய்வுக்கூடங்களில் விசைத்தட்டு என்ற கருவி இருக்கிறது. வீட்டு எடைக்கருவி மாதிரி ஒரு தட்டு. அதன்மேல் ஒற்றைக் காலில் நின்றால், பாதத்தின் அழுத்தம் குவியும் மையப்புள்ளி நொடிக்கு ஐம்பது, நூறு முறை பதிவாகிறது. நாம் அசையாமல் நிற்பதாக நினைத்துக்கொண்டிருக்கும்போது அந்தப் புள்ளி குழந்தை கிறுக்கியது போலத் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். எவ்வளவு பரப்பில் ஓடுகிறது, எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று கணக்கிடுகிறார்கள்.

வெகுகாலம் இந்தக் கணக்கு ஆய்வாளர்களை ஏமாற்றியது. கால் கைவிடுகிறது என்று நோயாளி சொல்வார், தட்டோ பெரிய வித்தியாசம் இல்லை என்று சொல்லும். பிறகு ஜே ஹெர்டெலும் உடன் ஆய்வாளரும் 2007இல் வேறு மாதிரி பார்த்தார்கள். புள்ளி எங்கே இருக்கிறது என்பதோடு, இதே வேகத்தில் இதே திசையில் போனால் பாதத்தின் விளிம்பைத் தொட இன்னும் எவ்வளவு நேரம் என்று ஒவ்வொரு கணத்துக்கும் கணக்கிட்டார்கள். இதைப் படகோட்டிக்கு விளக்கத் தேவையே இல்லை. பாறை நூறு அடி தூரத்தில் இருக்கிறது என்பது மட்டும் செய்தியாகாது. படகு எந்த வேகத்தில் பாறையை நோக்கி இழுபடுகிறது, திருப்ப எவ்வளவு நேரம் மிச்சம் இருக்கிறது என்பதுதான் செய்தி. அப்படிக் கணக்கிட்டதும் நிலையற்ற கணுக்கால் உள்ளவர்களுக்கு அந்த மிச்ச நேரம் குறைவு என்பது தெளிவானது.

விசைத்தட்டுக்கு லட்சங்கள் ஆகும். 2010இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குழந்தைகள் வீடியோ கேம் ஆடப் பயன்படுத்தும் நின்டெண்டோ வீ பலகையைக் கணினியோடு இணைத்து விசைத்தட்டோடு ஒப்பிட்டார்கள். நிற்கும் சமநிலையை அளப்பதில் பொம்மைப் பலகை நன்றாகவே ஈடுகொடுத்தது. பணம் இல்லை என்பதற்காக அளக்காமல் விட வேண்டியதில்லை என்று காட்டிய ஆய்வு அது.

இவற்றோடு கேள்வித்தாளும் ஒன்று. 2006இல் சிட்னியில் கிளேர் ஹில்லர் குழுவினர் உருவாக்கிய கம்பர்லாண்டு கேள்வித்தாளில் ஒன்பது கேள்விகள், மொத்தம் 30 புள்ளிகள். எப்போது வலிக்கிறது, படி இறங்கும்போது கால் ஆடுகிறதா, ஒற்றைக் காலில் நிற்கும்போது ஆடுகிறதா, மடங்கத் தொடங்கும்போது உங்களால் தடுத்துவிட முடிகிறதா என்று கேட்கும். 24 அல்லது அதற்குக் கீழே வந்தால் கவனிக்க வேண்டிய கால் என்று கணுக்கால் ஆய்வாளர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு 2013இல் வரையறுத்தது. எண்ணூருக்கு இதை எடுத்துவந்தால் ஒரு கேள்வியைச் சேர்க்க வேண்டும் என்பேன்: இருட்டில் படகில் ஏறும்போது எந்தக் காலை முதலில் வைக்கிறீர்கள், ஏன்?

கல், சாம்பல், சேறு

நெட்டுக்குப்பத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் படகு மட்டுமல்ல. இந்தக் கரையில் சமமான தரையே அரிதாகிவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகம் கட்டியபின் தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது, வடக்கே ராயபுரம் தொடங்கிக் கடல் ஊரைத் தின்றது. அதைத் தடுக்கக் கருங்கல்லைக் கொட்டினோம். மணலில் நடந்து கடலுக்குப் போனவர்கள் இப்போது பாசி படிந்த கல்மேல் கால் வைத்துப் போகிறார்கள். கணுக்கால் மடங்குவதற்கென்றே வடிவமைத்த தரை இருந்தால் அது இப்படித்தான் இருக்கும்.

ஆற்றுப் பக்கம் போனால் அனல்மின் நிலையக் குழாய்களிலிருந்து கசிந்த சாம்பல் படிந்த சேறு. அதில் முட்டியளவு இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பாதம் எதை மிதிக்கிறது என்று அவர்கள் கண்ணால் பார்க்க முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் இந்த முகத்துவாரம் வரை படர்ந்தபோது, அதை அள்ளி எடுத்தவர்களிலும் மீனவர்கள் இருந்தார்கள். எண்ணெய் வழுக்கும் படகில் நின்று வாளியில் அள்ளினார்கள். நுரையீரலையும் தோலையும் பற்றி அப்போது பேசினோம். பேச வேண்டியதும்தான். கால்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பேருந்தில் ஏறும் அம்மாவும், துறைமுகச் சாலையில் டிரெய்லர் கேபினிலிருந்து குதித்து இறங்கும் ஓட்டுநரும், கட்டாந்தரையில் கால்பந்து ஆடும் பையனும் இதே பட்டியலில் வருகிறவர்கள். இவர்களுக்கெல்லாம் கணுக்கால்தான் முதல் கருவி.

கால் மடங்கினால் இந்தப் பகுதியில் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். எண்ணெய் போட்டு உருவிவிடுவார்கள், புளியும் உப்பும் கரைத்துப் பத்து போடுவார்கள், இல்லையென்றால் புத்தூர்க் கட்டு. இந்த வைத்தியங்களைக் கேலி செய்ய நான் வரவில்லை. கையில் காசில்லாத நேரத்தில் வீட்டு வாசலுக்கு வந்து வலியைக் குறைத்தவர்கள் அவர்கள். ஆனால் எலும்பு முறிந்திருக்கிறதா என்று தெரியாமல் உருவுவது ஆபத்து. கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் 1992இல் வகுத்த விதி எல்லோரும் நினைவில் வைக்கக்கூடியது. இரு கணு எலும்புகளில் ஏதாவது ஒன்றின் பின்பக்க விளிம்பிலோ நுனியிலோ அழுத்தினால் வலித்தாலோ, அடிபட்டவுடனும் மருத்துவரிடம் வந்தபிறகும் நாலு எட்டுகூட எடுத்துவைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுத்தே தீர வேண்டும். முறிவு இல்லை என்றால், கடுமையான சுளுக்குக்குச் சில நாள் கட்டு உதவும். வாரக்கணக்கில் கட்டிவைத்துக் காலை மறந்துபோவது உதவாது.

மருந்துக்கடையில் கிடைக்காத மருந்து

நல்ல செய்தி இது: இழந்த சமநிலையைப் பயிற்சியால் மீட்க முடியும். 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கால்பந்தும் கூடைப்பந்தும் ஆடும் 765 பள்ளி மாணவர்களில் ஒரு பகுதியினருக்குச் சமநிலைப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களுக்குக் கணுக்கால் சுளுக்கு 38 சதவீதம் குறைந்தது. நாள்பட்ட நிலையின்மை உள்ளவர்களுக்கு நாலு வாரம், மொத்தம் 12 அமர்வுகள் கொடுத்த இன்னோர் ஆய்வில் நட்சத்திரச் சோதனைத் தூரமும், விசைத்தட்டில் கண்ட அந்த மிச்ச நேரமும் கூடின. பயிற்சி என்றால் ஒற்றைக் காலில் நிற்பது, குதித்து ஒரே காலில் இறங்கி நிலைப்பது, நின்றுகொண்டே பந்தைப் பிடிப்பது, பிறகு இதையே கண் மூடிச் செய்வது. நானும் இதைச் செய்தேன். ஆறாவது வாரத்தில் ஒருநாள், படியில் கால் பிசகத் தொடங்கி, தானே நிமிர்ந்துகொண்டதை உணர்ந்தேன். அந்த நிம்மதியைக் கால் மடங்கிப் பழகியவர்களே அறிவார்கள்.

நார் முழுக்க அறுந்து, பயிற்சிக்குப் பிறகும் மூட்டு தளர்ந்தே இருந்தால் அறுவை சிகிச்சை உண்டு. அது சிலருக்குத்தான். பெரும்பாலோருக்குத் தேவைப்படுவது அளந்து சொல்ல ஒருவரும், மறுபடி அளக்க ஒரு தேதியும்.

அப்படி அளக்க ஆள் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. அந்த இயன்முறை மருத்துவரின் பையில் ஒரு டேப்பும் சாக்பீஸும் ஸ்பான்ஜும் வைப்பதற்குப் புதிய திட்டம் தேவையில்லை. நகர்ப்புற நலவாழ்வு மையத்துக்குக் கால் சுளுக்கி வருகிறவரின் சீட்டில் 'எலும்பு முறிவு இல்லை' என்று எழுதும் இடத்துக்குக் கீழே இன்னும் இரண்டு வரி போதும்: வலது காலில் எத்தனை விநாடி, இடது காலில் எத்தனை விநாடி. ஆறு வாரம் கழித்து மறுபடியும் அதே இரண்டு வரி. எண்ணூர், திருவொற்றியூர் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர்கள் ஆண்டுத் தொடக்கத்தில் பிள்ளைகளின் உயரம், எடையோடு மூன்று கோட்டுத் தூரத்தையும் குறித்துவைக்கலாம். இதைச் செய்யும்படி சுகாதாரத் துறையையும் மீன்வளத் துறையையும் பள்ளிக்கல்வித் துறையையும் கேட்டுக்கொள்கிறேன். கடலோர ஊர்களிலிருந்து, நெட்டுக்குப்பத்திலிருந்து தொடங்கட்டும்.

அதுவரை வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் கால் அடிக்கடி மடங்குகிறது என்று சொல்பவர் இருந்தால் இன்றைக்கே பாருங்கள். சுவருக்குப் பக்கத்தில், வெறுங்காலோடு, கைகளை இடுப்பில் வைத்து ஒற்றைக் காலில் 20 விநாடி. முதலில் கண் திறந்து, பிறகு மூடி. இரண்டு கால்களையும் பாருங்கள், தூக்கிய கால் எத்தனை முறை தரையைத் தொட்டது என்று எண்ணுங்கள். வயதானவர்களும், தலைச்சுற்றல் உள்ளவர்களும், சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்களும் தனியாகச் செய்ய வேண்டாம், பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள நிற்கட்டும். ஒரு காலுக்கும் இன்னொரு காலுக்கும் வித்தியாசம் தெரிந்தால் அந்த எண்ணைத் தாளில் எழுதி இயன்முறை மருத்துவரிடம் எடுத்துப்போங்கள்.

விடிந்தபிறகு அந்த அண்ணனிடமும் இதைக் கேட்டேன். படகைப் பிடித்துக்கொள்ளும் தூரத்தில், ஈர மணலில் நின்றார். வலது காலில் கண் மூடி 20 விநாடியும் நின்றார். இடது காலில் நாலு விநாடி.